கோயில் நிதியை அப்பா கையில் கொடுப்பதா, அம்மா கையில் கொடுப்பதா?

பெகு பேத்தி
ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். யோசனை கேட்டு வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் ஊர் பர்மாவில், பெகுவிலிருந்து பைக்கில் முக்கால் மணி நேரம். தமிழ் வீடுகள் அறுபதுக்குள்தான் இருக்கும். இந்த வருஷம் மாரியம்மன் திருவிழா முடிந்து கையில் பணம் மிஞ்சியது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதோடு இன்னும் கொஞ்சம் போட்டு, ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீடுகளுக்கு மாதாமாதம் கொடுங்கள், குழந்தைகள் நன்றாகச் சாப்பிடட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். 23 வீடு. வீட்டுக்கு மாதம் 60,000 கியாட், ஒரு வருஷத்துக்கு. கணக்கு நோட்டு என்னிடம்.

கமிட்டியில் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள். குடும்பத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடு என்றார்கள். அம்மாக்கள் கையில் கொடுக்கலாமே என்றேன். தலைவர் சிரித்தார். "வீட்டு ஆம்பளையைத் தாண்டிப் போய் பொம்பளை கையில் காசு கொடுத்தால் அவனைக் குடிகாரன் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகாதா?" எனக்குப் பதில் வரவில்லை. வந்துவிட்டேன்.

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். பெயர் எழுத வீடு வீடாகப் போனபோது ஒரு வீட்டில் சமையல் நேரம். அந்த அக்கா பால் டின்னால் அரிசி அளந்தார். (வெளியூரில் இருப்பவர்களுக்கு: இங்கே அரிசிக்கு அளவு கண்டென்ஸ்டு மில்க் டின்தான், எட்டு டின் ஒரு பியி.) ஐந்து பேருக்கு இரண்டு டின். மீன் இரண்டு. முதலில் கணவர் உட்கார்ந்தார், அவர் தொடையோடு ஒட்டிக்கொண்டு நாலு வயதுப் பையன். ஒரு மீன் அவருக்கு, இன்னொன்றில் பாதி பையனுக்கு, பாதி பாட்டிக்கு. ஆறு வயதுப் பெண் ஒன்று அடுப்படியிலேயே நின்றது. அப்புறம் அம்மாவும் அதுவுமாகப் பானை அடியில் இருந்ததைப் பருப்புத் தண்ணீரும் ஞாப்பியும் (மீன் விழுது) விட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள். அந்த அக்காவுக்கு ஆறு மாதம்.

அந்தப் பெண் மீன் வேண்டும் என்று கேட்கவே இல்லை. தன் முறை எப்போது, தனக்கு எது வரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. கணவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது. என்னைச் சாப்பிடச் சொல்லி மூன்று தடவை கேட்டார்.

அம்மா கையில் பணம் கொடுத்தால் அந்த மீன் கணக்கு மாறுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மொகல் தெரு
ஞாயிறு, இரவு 9.15

நல்ல காரியம் பேத்தி. ஆனால் நாம் இருப்பது பர்மா. இங்கே பணப்பை பெண்களிடம்தான். பர்மாக்காரன் சம்பளத்தை வாங்கிக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்க அவளிடம் காசு கேட்பான். எந்தச் சந்தைக்கும் போய்ப் பாருங்கள், கடையில் உட்கார்ந்திருப்பது பெண். பல்கலைக்கழகத்தில் பெண்கள்தான் அதிகம். இந்தியாவை வைத்து எழுதின கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. உங்கள் ஊர்ப் பிரச்சினை வறுமை. ஆண் பெண் என்று அதைத் திருப்பினால் கமிட்டியில் சண்டைதான் வரும்.


பசீன் குடை
ஞாயிறு, இரவு 10.02

மொகல் தெருத் தம்பி, பை யாரிடம் என்பது சரிதான். நான் மிட்வைஃபாக 26 வருஷம் டெல்டாப் பக்கம் ஊர் ஊராகப் போனவள். அரிசி, எண்ணெய், உப்பு வாங்க எந்தப் பெண்ணும் யாரையும் கேட்பதில்லை. பன்றியை விற்கவோ, கடன் வாங்கவோ, குழந்தையைப் படகில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவோ என்றால் அப்போது அவர் வரட்டும் என்பாள். வயிற்றுப்போக்கில் கண் உள்ளே போய்விட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் காசும் வைத்துக்கொண்டு, மீன் பிடிக்கப் போன புருஷன் வரும்வரை இரண்டு நாள் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை பிழைத்தது. எல்லாம் பிழைக்கவில்லை.

இந்த நாட்டு ஆணுக்கு "போன்" என்று ஒரு மகிமை இருக்கிறது என்பார்கள். தமெய்ன் (பெண்கள் கட்டும் கைலி) காயப்போட்ட கொடிக்குக் கீழே ஆண் போனால் அது போய்விடும். நாமும் அதைக் கற்றுக்கொண்டோம், நம் தீட்டோடு சேர்த்து. ஊர் நிர்வாகிகளில் பெண்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இருந்ததில்லை. மருத்துவக் கல்லூரியில் சேரப் பையனுக்கு ஒரு மதிப்பெண், பெண்ணுக்கு அதைவிடக் கூட என்று பல வருஷம் வைத்திருந்தார்கள். 2015-16 சுகாதாரக் கணக்கெடுப்பில், மனைவியைக் கணவன் அடிக்க ஏதாவது ஒரு காரணம் நியாயம்தான் என்று சொன்ன பெண்கள் பாதிப் பேர். ஆண்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அதே கணக்கெடுப்பில் இன்னும் இரண்டு எண்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் 29 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போனவர்கள். பெண்களில் 47 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இது இரண்டையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். பேத்தி பார்த்த அந்த ஆறு மாதக்காரி கடைசியில் பானையைச் சுரண்டிச் சாப்பிடுகிறாள் இல்லையா, உள்ளே இருக்கும் பிள்ளையும் அப்போது கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது. எடை குறைவாகப் பிறக்கும். வயிற்றில் தொடங்கி இரண்டு வயதுவரை ஆயிரம் நாள். அதில் விட்ட உயரத்தை அப்புறம் பாலும் முட்டையும் ஊற்றி முழுதாகப் பிடிப்பது கஷ்டம்.


மொகல் தெரு
ஞாயிறு, இரவு 10.20

எண்கள் சரி அக்கா. ஆனால் அந்த வீட்டில் நாலு மீன் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. நான் சொல்வது அவ்வளவுதான்.


தட்டோன் வாத்தியார்
திங்கள், காலை 6.10

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை, இப்போதுதான் படித்தேன்.

தம்பி சொல்வது நியாயமான கேள்வி. இதைப் பெரியவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மித், ஹடாட் இருவரும், 1970-லிருந்து 1995 வரை 63 வளரும் நாடுகளில் குழந்தைகளின் எடைக்குறைவு எதனால் குறைந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். தலைக்குக் கிடைக்கும் சாப்பாடு கூடியதன் பங்கு 26 சதவீதம். பெண்களின் படிப்பு கூடியதன் பங்கு 43 சதவீதம். அதாவது தம்பி, மீன் எத்தனை என்பதும் உண்டு. அந்த அம்மா எத்தனாவது வரை படித்தாள் என்பது அதைவிடப் பெரிதாக வந்திருக்கிறது. யுனிசெஃப் 2007-ல் போட்ட அறிக்கை முழுக்க இதே பேச்சுதான். தெற்காசிய வீடுகளில் முடிவெடுப்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம இடம் இருந்தால் மூன்று வயதுக்குக் கீழே எடை குறைந்த குழந்தைகள் 13 சதவீதப் புள்ளிவரை குறைவார்கள், 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் தப்புவார்கள் என்று மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கை அதில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது தெற்காசியா, பர்மா அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வீட்டு அடுப்படி எங்கிருந்து கப்பல் ஏறி வந்தது?

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. 1964 மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் அதே வருஷம்தான். எனக்கு எட்டு வயது. அப்பா தட்டோனில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருந்தார். சேர்த்ததெல்லாம் நூறு கியாட் தாளாக ஒரு தகரப் பெட்டியில். அந்தக் காலத்தில் நூறு என்றால் மரியாதை, எண்ணவும் சுலபம். ஒரே நாளில் அது வெறும் காகிதம். மாற்றிக்கொள்ள வரிசையில் நின்று பார்த்தார், கொஞ்சம்தான் கிடைத்தது. அம்மாவிடம் அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்த காசு இருந்தது. எல்லாம் ஒன்று, ஐந்து, பத்து. காய்கறிக் கணக்கில் மிச்சம் பிடித்தது. அப்பாவுக்கு அது தெரியாது. அந்த முடிச்சில்தான் நாங்கள் ஆறு பிள்ளைகள் அடுத்த நாலைந்து மாதம் சாப்பிட்டோம். அம்மா அதை அவிழ்த்து வைத்த அன்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

என் அம்மாவுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது, எழுதத் தெரியாது. அவள் அப்பாவிடம் அந்தத் துணிமுடிச்சை ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்பதை நான் பேரப்பிள்ளை எடுத்த பிறகுதான் யோசித்தேன்.


கெட்டில் கைப்பிடி
திங்கள், காலை 11.30

பெண் குழந்தை, பெண் குழந்தை என்றே போகிறது. ஆண் பிள்ளைகளைப் பற்றியும் யாராவது பேசுங்கள். இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தை விட்டு முதலில் வேலைக்குப் போவது பையன்கள்தான். எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் போய் உட்காருங்கள்.

நான் பத்து வயதில் போனேன். ரங்கூனில் ஒரு லப்பெய்யே (டீ) கடை. காலை நாலரைக்குப் பெஞ்சு இறக்க வேண்டும். ஆர்டர் சத்தமாகச் சொல்லணும், எட்டு மேசைக்கு ச்சோ ஸெய்ன் (இனிப்பு டீ) எத்தனை, ச்சா ஸெய்ன் (ஸ்ட்ராங் டீ) எத்தனை என்று. எழுதி வைக்க மாட்டோம், தலையில்தான். வாடிக்கைக்காரர் உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் போட்டால் ஓடணும். எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக எழும். ராத்திரி அதே மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் தூக்கம். கெட்டில் சூடு பட்ட தழும்பு இடது மணிக்கட்டில் இருக்கிறது. பேர் அதனால்தான்.

ஆனால் இந்த இழையில் நான் சொல்ல வந்தது வேறு. என் ஒரு வருஷச் சம்பளத்தைக் கடைக்காரர் முன்பணமாகக் கொடுத்துவிட்டார். வாங்கினது அப்பா. அம்மாவுக்கு எனக்குச் சட்டை மடித்து வைக்கச் சொன்ன அன்றைக்குத்தான் தெரியும். அவள் அழுதாள், நிறுத்த முடியவில்லை. மூன்று மாதம் கழித்து அக்காவை ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க அனுப்பினார்கள். நான் கடை வாசலில் நின்றதால் என்னை எல்லோரும் பார்த்தார்கள். அவள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். 2015-ல் எடுத்த கணக்கில் 5 வயது முதல் 17 வயதுக்குள் 11 லட்சத்து 30 ஆயிரம் பேர் குழந்தைத் தொழிலாளிகள், அதில் பாதிக்கு மேல் ஆபத்தான வேலையில். அடுத்த வீட்டுச் சமையலறையில் இருக்கிற பெண்பிள்ளையை எந்தக் கணக்குக்காரர் கண்ணால் பார்த்திருப்பார்?

2019-ல் குழந்தைகள் உரிமைச் சட்டம் வந்து வேலைக்கு வயது 14 என்று வைத்தார்கள். சரி. எனக்கு அது 20 வருஷம் லேட்.

அதனால் பேத்தி, அம்மாவுக்குச் சொல் இல்லாத வீட்டில் பெண்ணுக்கு மட்டும் கெடுதல் என்று நினைக்காதே. பையனையும்தான் விற்பார்கள்.


பெகு பேத்தி
திங்கள், மதியம் 12.05

அண்ணா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கா இப்போது எங்கே?


கெட்டில் கைப்பிடி
திங்கள், மதியம் 12.11

தாய்லாந்து எல்லையில், மே சொட்டில். மீன் தொழிற்சாலை. நன்றாக இருக்கிறாள். அவள் பிள்ளைகளை அம்மாதான் வளர்க்கிறாள்.


தையல் மெஷின்
திங்கள், இரவு 10.45

ஓவர்டைம் முடிந்து இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். ரங்கூன் லைன்தாயாவில் கார்மெண்ட் வேலை. எங்கள் லைனில் எல்லாம் பெண்கள், சூப்பர்வைசரும் மெக்கானிக்கும் தவிர.

பணத்தை அம்மா கையில் கொடுங்கள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். என் சம்பளமே என் கைக்கு வருவதில்லை. எனக்குக் குடியுரிமை அட்டை இல்லை. தாத்தா வெளிநாட்டார் பதிவு அட்டையோடு செத்தார், 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் காகிதம் முடியவில்லை, எனக்கும் முடியவில்லை. அட்டை இல்லாமல் போனில் பணம் அனுப்பி வாங்கும் பே கணக்கு திறக்க முடியாது. கம்பெனி சம்பளம் போனில் வருகிறது. அதனால் என் புருஷன் பெயரில் கணக்கு. மாதம் முழுக்க காலர் தைப்பது நான், "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பது அவர். பேத்தி, உங்கள் ஊரில் பே-யில் அனுப்பப்போகிறீர்களா? அப்படியானால் அம்மா பெயர் என்று நோட்டில் எழுதினாலும் அது அப்பா போனில்தான் போய் விழும்.

இன்னொன்று. எனக்கு 11 வயதுப் பெண், ஒரு வயதுப் பையன். சமூகப் பாதுகாப்பில் பதிந்தவர்களுக்குப் பிரசவ விடுப்பு 14 வாரம். அதற்கப்புறம் குழந்தையை யார் பார்ப்பது? என் பெண்தான். இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளே பால் கரைக்கிறாள், துணி மாற்றுகிறாள். நேற்று நான் பையனைத் தூக்கப் போனால் அவன் அவளிடம் தாவுகிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதை யாரும் குழந்தை வேலை என்று எழுத மாட்டார்கள், தம்பியைத்தானே பார்க்கிறாள்.

தயவுசெய்து பணம் கொடுக்கிறோம் என்று சொல்லி மாதம் ஒரு கூட்டம், சத்துணவுப் பாடம் என்று அம்மாக்களை வரிசையில் உட்காரவைக்காதீர்கள். கீரையில் சத்து என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போனால் கீரையும் கிடையாது.


வியாசர்பாடி மருமகள்
செவ்வாய், காலை 9.20

மாமியார் வீடு 1965-ல் ரங்கூனிலிருந்து வந்த குடும்பம். இங்கே சென்னையில் நடப்பதைச் சொல்கிறேன்.

2023 செப்டம்பர் 15-லிருந்து குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. ஒரு கோடிக்கு மேல் பெண்கள். "தலைவி" என்று எழுதின அந்த வார்த்தைக்கே எங்கள் தெருவில் ஒரு வாரம் கிண்டல். பல வீட்டில் ஏடிஎம் கார்டு பையனிடமோ புருஷனிடமோதான். ஆனாலும் பணம் ஏறிவிட்டது என்ற மெசேஜ் அவள் போனுக்கு வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி மெசேஜ் வந்த உடனே போனைத் தூக்கிக்கொண்டு மகனிடம் போய் நிற்பார். அதற்கு முன்னால் அவரிடம் நிற்கக் காரணம் இருந்ததில்லை.

ஆனால் குழந்தை சாப்பிடணும் என்றால் எனக்குத் தெரிந்து நேர்வழி வேறு. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து இலை போட்டுவிட வேண்டும். காமராஜர் தொடங்கினார், 1982-ல் எம்ஜிஆர் பெரிதாக்கினார், அப்புறம் முட்டை வந்தது, 2022-ல் காலைச் சாப்பாடும் வந்தது. அங்கே பையனுக்குப் பெரிய முட்டை, பெண்ணுக்குச் சின்ன முட்டை கிடையாது. வீட்டுக்குள் யார் முதலில் என்ற வம்பே இல்லை. உங்கள் கோயிலில் சாயங்காலம் தமிழ் வகுப்பு நடக்கிறதா? அங்கே அவித்து வையுங்கள்.


மொகல் தெரு
செவ்வாய், மதியம் 2.50

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசினேன். உட்கார்ந்து படித்தேன், கணக்கு எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேலை. இரண்டு பக்கமும் இருக்கிறது.

உங்கள் பக்கம்: பிரேசிலில் தாமஸ் என்ற பொருளியலாளர் 1990-ல் எழுதியது. வேலைக்கூலி அல்லாத வருமானம் அப்பாவிடம் இருப்பதைவிட அம்மாவிடம் இருந்தால் குழந்தை உயிரோடு இருக்கும் வாய்ப்பில் அதன் பலன் ஏறத்தாழ இருபது மடங்கு. இங்கிலாந்தில் 1970-களின் கடைசியில் பிள்ளைப்படியை அப்பா சம்பளத்திலிருந்து எடுத்து அம்மா கைக்கு மாற்றினார்கள். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் துணி வாங்குவது ஆண்கள் துணியோடு ஒப்பிட்டால் கூடியது. தென்னாப்பிரிக்காவில் எஸ்தர் டுஃப்லோ முதியோர் பென்ஷனைப் பார்த்தார். பாட்டிக்குப் பென்ஷன் வந்த வீட்டில் பேத்திகளின் உடம்பு தேறியிருந்தது, தாத்தாவுக்கு வந்த வீட்டில் அப்படித் தெரியவில்லை. (மாமியார்களைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும்.)

என் பக்கம்: மொராக்கோவில் பிள்ளைகள் படிப்புக்கென்று பெயர் சொல்லிப் பணம் கொடுத்தார்கள், சில ஊரில் அம்மாவிடம், சில ஊரில் அப்பாவிடம். பள்ளிக்கூடம் போவதில் பெரிய வித்தியாசம் இல்லை. கென்யாவில் சீட்டுப் போட்டு சில வீட்டில் கணவனுக்கு, சில வீட்டில் மனைவிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் வீட்டுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மொராக்கோவில் பணத்துக்கு ஒரு பெயர் இருந்தது. இது பிள்ளை படிப்புக்கு என்று ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு அதை எடுத்துச் சீட்டாடப் போகிறவன் குறைவு. யார் கை என்பதைவிட என்ன பெயர் என்பதைப் பாருங்கள் பேத்தி.


பசீன் குடை
செவ்வாய், மாலை 5.30

தம்பி படித்துவிட்டு வந்தது சந்தோஷம். அவன் விட்ட ஒன்று, அதுவும் நம் நாட்டிலேயே நடந்தது. மத்திய வறண்ட பகுதியில் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தையுள்ள அம்மாக்களுக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஊரில் பணம் மட்டும். சில ஊரில் பணத்தோடு மாதாமாதம் உட்கார்ந்து பேச்சும். பணமும் பேச்சும் சேர்ந்த ஊர்களில் குன்றிப்போன குழந்தைகள் 4 சதவீதப் புள்ளி குறைந்தார்கள். பணம் மட்டும் போன ஊரில் அது தெரியவில்லை. சின் மாநிலத்தில் 2017-ல் அரசாங்கமே மாதம் 15,000 கியாட் என்று அம்மாக்களுக்குத் தொடங்கியது.

தையல் மெஷின் பாப்பா, நீ கோபப்பட்டது சரி, உன் கூலி நாளில் கூட்டம் போட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கீரையில் சத்து என்று சொல்லிக்கொடுப்பதற்கு அந்தப் பேச்சு இல்லை. ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் போதும் என்பதை மாமியார் காதில் யார் போடுவது? கர்ப்பிணி நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று அரைவயிறு போடும் வீடுகளை நான் எண்ணவே முடியாது. மருமகள் அந்தப் பேச்சைப் பேச முடியாது. வெளியாள்தான் பேச முடியும். எனவே கூட்டத்துக்கு மாமியார்களையும் ஆண்களையும் கூப்பிடு பேத்தி. பூஜை முடிந்து சுண்டலுக்கு உட்கார்ந்திருக்கும்போது பத்து நிமிஷம். பெண்களுக்குத் தனியாக வகுப்பு வைத்து அவர்களையே திருத்த வேண்டாம்.


கடல்காற்று
செவ்வாய், இரவு 8.05

எல்லாம் சரி, எங்கள் பக்கம் 18 ஆன பெண்பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் பேசுகிறார்களே, அதையும் எழுதுங்கள். 2024 பிப்ரவரிக்கு முன்னால் இவ்வளவு இல்லை. அப்போது அமலாக்கின கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு. என் தங்கை மகள் நர்ஸிங் படிக்க இருந்தாள். இப்போது வயிற்றில் நாலு மாதம். பையன்களோ


மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 8.12

மேலே உள்ள பதிவின் பிற்பகுதியை நீக்கியிருக்கிறேன். எழுதியவர் நலம் கருதித்தான். இந்தப் பக்கம் மேற்கொண்டு போக வேண்டாம். கோயில் நிதி விஷயத்தைத் தொடருங்கள்.


தட்டோன் வாத்தியார்
புதன், காலை 6.00

பேத்தி, கமிட்டித் தலைவரின் வாதத்துக்கு ஒரு வழி தோன்றுகிறது. அவர் பயம் ஆண்களின் மானம். நோட்டில் "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தையே எடுத்துவிடு. அதற்குப் பதிலாக அம்மா என்றும் போடாதே. முதல் கட்டம் குழந்தை பெயர். அடுத்தது வயது. அடுத்தது பெற்றுக்கொண்டவர். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருகிறவரிடம் பணம். நம் ஊர் ஆண்களில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று எனக்குத் தெரியும். வருகிறவன் வந்தால், அவனிடம் தாராளமாகக் கொடு. மொகல் தெருத் தம்பி சொன்ன பெயரும் அதில் வந்துவிடும்.


மொகல் தெரு
புதன், காலை 7.25

வாத்தியார் ஐயா அரசியலில் இருந்திருக்க வேண்டியவர்.


தையல் மெஷின்
புதன், இரவு 10.30

ரொக்கமாகக் கொடுங்கள். பே வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன்.


பெகு பேத்தி
அடுத்த சனி, இரவு 9.00

நேற்று முதல் மாதப் பணம் கொடுத்தாயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கமிட்டியில் வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி நோட்டைக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழந்தை பேருதானே, அதிலென்ன" என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி, "பணத்தை எந்த ஆம்பளை வாங்கினாலும் சாயங்காலம் என்னிடம்தான் கடன் கேட்டு வருவாள் அவன் பெண்டாட்டி" என்றார். கமிட்டி மொத்தமும் சிரித்துவிட்டது. அதற்குமேல் யாரும் பேசவில்லை. நான் கொண்டுபோன எண்கள் ஒன்றையும் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

பே கிடையாது, ரொக்கம். வந்தவர்கள்: 19 அம்மாக்கள், 2 பாட்டிகள் (மகள்கள் தாய்லாந்தில்), ஒரு அப்பா. அவர் மனைவி போன வருஷம் தவறிவிட்டார். பிள்ளைக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துக் கூட்டிவந்தார், வகிடு கோணல்தான். ஒரு வீடு வரவில்லை. அங்கே புருஷனும் மாமியாரும் நோட்டில் யார் பெயர் என்று சண்டை, குழந்தை பெயர் என்று சொல்லியும் நம்பவில்லை. நாளைக்கு நேரில் போகிறேன்.

மீன் வீட்டு அக்காவும் வந்தார். கையில் பையன், பின்னால் அந்தப் பெண். வியாசர்பாடி அக்கா சொன்னது நல்ல யோசனை, தமிழ் வகுப்பில் வாரம் இரண்டு நாள் முட்டை அவிக்கிறோம், பணம் கமிட்டி அல்ல, கடை வைத்திருக்கும் நாலு பெண்கள் போடுகிறார்கள். முதல் நாள் அந்தப் பெண் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. தம்பிக்கு எடுத்துப் போகிறேன் என்றது. இங்கேயே சாப்பிடணும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு சட்டம் போட வேண்டியதாகிவிட்டது. சரியா தப்பா தெரியவில்லை.

பசீன் அக்கா, பிள்ளைகள் தேறுகிறார்களா என்று பார்க்க என்ன செய்வது? எங்களிடம் தராசு இல்லை, காய்கறித் தராசுதான் இருக்கிறது.


பசீன் குடை
அடுத்த சனி, இரவு 9.40

அந்தச் சட்டம் சரிதான், தம்பிக்கு அவன் அம்மா வாங்கட்டும்.

தராசு இல்லாவிட்டால் பரவாயில்லை. மேல்கை சுற்றளவு பார்க்கும் நாடா ஒரு கட்டு என்னிடம் இருக்கிறது, பெகு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு. இடது கை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே புள்ளி வைத்துக்கொள், கை தொங்கலாக இருக்கட்டும், இறுக்காதே. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் மஞ்சள், அந்த வீட்டுக்கு அடிக்கடி போ. 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதே, யார் சம்மதமும் கேட்காதே, அன்றைக்கே டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போ. வண்டிக் கூலியை நோட்டில் தனியாக எழுதிவை.

அந்த ஆறு மாதக்காரியின் கையையும் அளந்து எனக்கு எழுது. அவளுக்கு வேறு கணக்கு, வந்ததும் சொல்கிறேன்.